திஷினாவின் மத்தியானங்கள்

உச்சி வெயிலில் தனியாகப் போகாதே, பேய் பிடித்துக்கொள்ளும் என்று சின்ன வயதில் என்னைப் பயமுறுத்தியவர்கள் யாரும் நீர்மூழ்கிக் கப்பலை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் தூத்துக்குடிக்குத் தெற்கே, வேலாயுதப் பெருமாள் அண்ணாச்சியின் கப்பல் உடைக்கும் பட்டறையில் அவர்கள் சொன்னதுதான் நடந்தது. சூரியன் தலைக்கு நேரே வந்ததும் ‘திஷினா’ என்ற அந்தக் கப்பல் உள்ளிருந்து தட்ட ஆரம்பித்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது பட்டறையில் அண்ணாச்சியைத் தவிர ஓர் ஆள் இல்லை. கப்பலின் மூக்கில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோர்த்துக் கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு ஜெபமாலை. அதற்குக் கீழே பச்சைத் துணியில் ஏதோ முடிந்து தொங்கவிட்டிருந்தார்கள். எந்தச் சாமியையும் விட்டுவைக்கவில்லை.

“மேடம், நீங்க சத்தத்தப் பத்திப் படிச்சவுகன்னு சொன்னாவ,” என்றார் அண்ணாச்சி. “உள்ள ஒரு எலி கிடையாது. நானே டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன். ஆனா மத்தியானம் ஆனா டொக்கு டொக்குங்கு. பயலுவ வேலைக்கு வர மாட்டேங்கானுவ. இது பேயா என்னன்னு நீங்கதான் எழுதித் தரணும்.”

“பேய் இல்லைன்னுதானே எழுதணும்?”

“எப்படி வேணாலும் எழுதுங்க. சீல் மட்டும் பெருசா இருக்கட்டும்.”

சோவியத் யூனியன் இருந்த காலத்தில் கட்டிய கப்பல் அது. திஷினா என்றால் ரஷ்ய மொழியில் அமைதி. நாடே இல்லாமல் போன பிறகு, கடலடியில் தாது தேடுகிறோம் என்று கிளம்பிய ஆழி என்ற கம்பெனி அதை மலிவாக வாங்கியது. நம் கரையோரத்துப் பையன்கள் எட்டுப் பேரும் ஒரு ரஷ்ய இன்ஜினியரும் அதில் இறங்கினார்கள். மன்னார் வளைகுடாவைத் தாண்டித் தெற்கே ஒரு நாள் அது மேலே வரவில்லை. முப்பது வருடம் கழித்து, உள்கூடு முழுக்க டைட்டானியம் என்பதற்காக இப்போது தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். டைட்டானியம் மட்டும் இல்லாவிட்டால் இன்னும் அங்கேயே கிடந்திருப்பார்கள் அந்த ஒன்பது பேரும். எனக்கு இந்த உலகத்தின் மேல் இருக்கும் கோபங்களில் அதுவும் ஒன்று.

ஒன்பது பேருமே கிடைத்தார்கள். அதுதான் ஊரையே உலுக்கியது. கப்பலின் கோபுரத்துக்குள் ஓர் உருண்டை அறை உண்டு. ஆபத்தென்றால் எல்லோரும் அதற்குள் ஏறிக் கீழ்க்கதவை அடைத்துக்கொண்டு பூட்டை விடுவித்தால் அந்த உருண்டை மட்டும் கழன்று மேலே வந்துவிடும். மீட்புக் கூண்டு. ஒன்பது எலும்புக்கூடுகளும் அதற்குள் வட்டமாக, இருக்கைகளில், பெல்ட் போட்டபடி இருந்தன. புறப்படத் தயாரான பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதுபோல. பூட்டு மட்டும் விடுபடவில்லை. எலும்புகளை எடுத்து அடக்கம் செய்த பிறகுதான் தட்டும் சத்தம் தொடங்கியது.

முதல் மத்தியானம் கப்பலின் வெளிக்கூட்டின் மேல் ஒலிவாங்கிகளை ஒட்டிவைத்துவிட்டுக் காத்திருந்தேன். வெயில் ஏற ஏறக் கப்பலின் கறுப்புத் தோல் சுட ஆரம்பித்தது. டொக். வெகுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி டொக். கையில் தெம்பில்லாத ஒருவன் தட்டுவதுபோல இருந்தது. நான் பேயை நம்புகிறவள் இல்லை. ஆனாலும் எழுந்து போய்க் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தேன். காலி இருக்கைகள். பெல்ட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. சத்தம் என் காலடியிலிருந்து வந்தது.

மறுநாள் தட்டு கொஞ்சம் பலமாக இருந்தது. அதற்கடுத்த நாள் இரண்டு பேர் மாறி மாறித் தட்டினார்கள். பிறகு சம்மட்டிச் சத்தம். சாகிறவன் நாளுக்கு நாள் பலம் பெறுவானா?

அன்றைக்குத்தான் எமில்டா அக்கா வந்தார். ஐம்பது தாண்டிய பெண், கையில் குடை, சேலையில் அமோனியா வாடை. ஊரில் ஐஸ் ஃபாக்டரி நடத்துகிறார்.

“நான் ரெஜினால்ட் வாஸ் வீட்டுக்காரி,” என்றார். செத்து முப்பது வருடமான புருஷனுக்கு இன்னும் வீட்டுக்காரிதான். “கொஞ்சம் சத்தமாப் பேசுங்க மேடம். ஐஸ் கம்பெனி கம்ப்ரசர் என் காதைத் தின்னுட்டு. உள்ள தட்டுதது யாரு?”

நான் உட்கார வைத்துச் சொன்னேன். கப்பலுக்கு இரண்டு கூடு. பெரிய அண்டாவுக்குள் சின்ன அண்டா மாதிரி. வெளிக்கூடு முழுக்க உள்ளங்கை கனத்துக்கு ரப்பர் வில்லைகள் ஒட்டியிருக்கிறார்கள். எதிரி கப்பல் சத்தம் அனுப்பித் தேடினால் எதிரொலி போகக் கூடாது என்பதற்காக.

“அந்த ரப்பர் சத்தத்தை விழுங்கும்க்கா. வெளியே இருந்து வர்றதையும் விழுங்கும், உள்ளே இருந்து போறதையும் விழுங்கும். பாதிக்கு மேல விழுங்கிடும், மிச்சம்தான் அந்தப் பக்கம் போகும். விழுங்கினது எங்கே போகுதுன்னு செஞ்சவங்களே யோசிக்கலை. அது உள்ளேயே அடுக்கடுக்காத் தங்கியிருக்கு. ஆழத்துக் குளிர்ல உறைஞ்சு கிடந்தது. நம்ம ஊர் வெயில் பட்டதும் கக்குது.”

“அப்ப இது அவுக தட்டுனதுதான்.”

“ஆமா. ஆனா தலைகீழா வருது. அடுக்கி வச்ச தட்டுல மேல் தட்டுதானே முதல்ல கைக்கு வரும்? கடைசியாக் கேட்டது முதல்ல வருது. ஒரு அடுக்குக்குள்ள சத்தம் நேராத்தான் ஓடும். ஆனா ஒவ்வொரு மத்தியானமும் நாம கொஞ்சம் பின்னாடி போறோம்.”

அவர் அதை மனத்துக்குள் போட்டுப் பார்த்தார். “அப்படின்னா வரவர அவுக நல்லா ஆவாவ.”

நான் தலையை ஆட்டினேன்.

“வாசல்ல உடமரத்தடியில ஒரு ஆளு நிக்காரு,” என்றார் அக்கா. “அவரையும் உள்ள வரச் சொல்லுங்க. அவரு கேக்கணும்.”

“யாருக்கா அவர்?”

“எங்கம்மா பெத்த மூத்த பிள்ளை.”

அண்ணன் என்ற சொல்லை அவர் முப்பது வருடமாக வாயில் எடுக்கவில்லை என்று அப்புறம் தெரிந்தது. கஸ்பார் மச்சாது. திஷினா மூழ்கியதும் தேடப் போன கப்பலில் காதுக்குக் கருவி மாட்டி உட்கார்ந்திருந்தவர் அவர்தான். ரெஜினால்டுக்கு மச்சான் மட்டுமில்லை, ஒரே வகுப்பு, ஒரே படகு. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. கோயில் திருவிழாவில் எதிர்ப்பட்டால் அக்கா அடுத்த சந்தில் திரும்பிவிடுவாராம்.

“தேடப் போன கப்பல மொத நாளே திரும்பி வரச் சொல்லிட்டான் கம்பெனி மேனேஜர்,” என்று அக்கா என்னைப் பார்த்தே சொன்னார். “நான் ஹார்பர் ஆபீஸ் வாசல்ல போய் உக்காந்துட்டேன். எந்தெரு பொம்பளைய பூரா எங்கூட உக்காந்தாவ. கப்பல் அந்த எடத்த விட்டு ஒரு அடி நகரக் கூடாதுன்னேன். கம்பெனிக்காரன் பயந்துட்டான். சோறு தண்ணியில்லாம அவ்வளவு நேரம் நிறுத்தி வச்சது நானு. பம்பாயிலேருந்து முங்குத ஆளுவ, கடலுக்குள்ள ஆள எறக்குத கூண்டோட வந்துகிட்டே இருந்தாவ. அதுக்குள்ள இவரு, சத்தம் ஒண்ணும் இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாரு. கப்பல் கெளம்பிட்டு. வந்தவுக எடமே தெரியாம திரும்பிப் போனாவ.”

கஸ்பார் அண்ணன் உள்ளே வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “மொத ரெண்டு நாளும் தட்டுனாவ மேடம். மூணு, மூணு, மூணா. நான் கேட்டேன். கேப்டன்ட்ட சொல்லி நேர் மேலயே கப்பல நிறுத்துனோம். அங்க நங்கூரம் எட்டாது, இன்ஜின ஓட்டிக்கிட்டேதான் நின்னோம். மூணாம் நாளு ஒண்ணுமே கேக்கல. கேக்கலைன்னுதான் சொன்னேன்.”

“அப்ப செத்துட்டாவளான்னு கேளுங்க மேடம்,” என்றார் அக்கா.

அவர் கேட்கச் சொன்னதை நான் கேட்கவில்லை. கப்பலே பதில் சொல்லும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு மத்தியானம் புரொப்பெல்லர் சத்தம் வரும். தேடிய கப்பல் கிளம்பிப் போகும் சத்தம். எல்லாம் தலைகீழாக வருவதால், அது வருவதற்கு முன்பே தட்டுகள் கேட்டுவிட்டால், கப்பல் போன பின்பும் இவர்கள் உயிரோடு இருந்தார்கள் என்று அர்த்தம். தட்டுகளைத்தான் நாலைந்து நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோமே. சத்தம் வந்துவிட்டால் கஸ்பார் அண்ணன் கதை முடிந்தது.

அது அடுத்த மத்தியானமே வந்தது. பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுவதுபோல ஆரம்பித்து, பெரிதாகி, பிறகு தேய்ந்து மறைந்தது. வெயிலில் ஒரு காக்கா இல்லை. இல்லாத கப்பல் ஒன்று எங்கள் தலைக்கு மேல் போனது. நான் அண்ணாந்து பார்த்தேன் என்றால் சிரிப்பீர்கள். கஸ்பார் அண்ணனும் பார்த்தார்.

“எங்க கப்பலுதான்,” என்றார். “கெளம்புதோம்.”

அக்கா கூட்டின் மேல் கையை வைத்து அதிர்வைப் பிடித்திருந்தார். “கேட்டியளா மேடம்? இவரு போன பொறவும் எம்புருசன் உசுரோட இருந்து தட்டிக்கிட்டு கெடந்திருக்காரு. இன்னும் ஒரு நாளு. ஒரே ஒரு நாளு நின்னிருந்தா...”

கஸ்பார் அண்ணன் வெயிலிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஏதாவது ஒரு வழி இவருக்கு இருக்க வேண்டுமே என்று அன்று சாயங்காலம் நீனா பாவ்லோவ்னாவைத் தேடிப் பிடித்தேன். அந்த மீட்புக் கூண்டை வடிவமைத்தவர்களில் உயிரோடு இருக்கும் ஒரே ஆள். கணினி மொழிபெயர்த்துச் சொல்ல, திரையில் ஒரு வெள்ளைத்தலை என்னை முறைத்தது.

“பூட்டு இறுகிக்கொண்டது என்று உங்கள் கம்பெனி எழுதியதைப் படித்தேன். என் பூட்டு இறுகாது.”

“அப்படியானால் ஏன் மேலே வரவில்லை?”

“தலைக்கு மேல் ஏதாவது கப்பல் நின்றதா?”

“தேடப் போன கப்பல் நின்றது. இரண்டு மூன்று நாள்.”

“இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா?”

“ஆமாம்.”

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஒன்பது பேர் உட்கார்ந்த இரும்பு உருண்டை ஆழத்திலிருந்து பாய்ந்து வருகிறது. மேலே கப்பலின் அடிவயிறு இருந்தால் என்ன ஆகும்? உருண்டையும் நொறுங்கும், கப்பலும் உடையும். அதனால் முதல் சட்டமே இதுதான். தலைக்கு மேல் புரொப்பெல்லர் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை பூட்டைத் தொடாதே. கூண்டின் சுவரில் தட்டு. மூன்று மூன்றாகத் தட்டினால், ‘தள்ளிப் போ’ என்று அர்த்தம். மேலே நிற்பவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். சட்டப் புத்தகத்தை உங்கள் ஆட்கள் மொழிபெயர்க்கவில்லையா?”

“கப்பலை மட்டும்தான் வாங்கினார்கள். புத்தகத்துக்குத் தனி விலை கேட்டார்களாம்.”

அவர் ரஷ்ய மொழியில் ஏதோ சொன்னார். கணினி அதை மொழிபெயர்க்கவில்லை.

“சரி, கப்பல் போன பிறகாவது வந்திருக்கலாமே?” என்றேன்.

“பூட்டைத் தள்ளுவது அழுத்தக் காற்று. அவர்கள் மூச்சு விட்டதும் அதே காற்று. அத்தனை நாள் காத்திருந்தால் என்ன மிச்சம் இருக்கும்? கடைசியில் தட்டு எப்படி இருந்தது, மூன்று மூன்றாகவா?”

“இல்லை. ஒழுங்கில்லாமல். சம்மட்டி மாதிரி.”

“பூட்டைக் கையால் அடித்துத் திறக்கப் பார்த்திருக்கிறார்கள்,” என்றார் நீனா பாவ்லோவ்னா.

மூன்றாம் நாள் தட்டு ஓய்ந்தது காற்றை மிச்சம் பிடிக்கத்தான் இருக்கும். ஆக, கப்பல் சீக்கிரம் போனதால் சாகவில்லை. நின்றதால் செத்தார்கள். மேனேஜர் சொன்னபடி முதல் நாளே கப்பல் திரும்பியிருந்தால் ஒன்பது பேரும் மேலே வந்து மிதந்திருப்பார்கள். நிற்க வைத்தது யார்? அதைத்தான் எமில்டா அக்கா தன் வாயாலேயே பெருமையாகச் சொல்லிவிட்டாரே. கஸ்பார் அண்ணனுக்கு வழி தேடப் போய் எனக்குக் கிடைத்தது இது. மனசாட்சி உள்ளவர்கள் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டேன். கேட்பதை நிறுத்திவிடலாம், அண்ணாச்சியிடம் ஏதாவது சாக்குச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு மறுநாள் போனால், அக்கா எனக்கு முன்பே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உடமரத்தடியில் அண்ணன்.

“இன்னைக்கு ஒலிவாங்கி சரியில்லைக்கா,” என்றேன்.

“சரியா இருக்கும். மாட்டுங்க.” அவரே ஒரு தடவை காதில் மாட்டிப் பார்த்தார். இரைச்சல் தவிர ஒன்றும் பிடிபடவில்லை. கழற்றி நீட்டினார். “வாசல்ல நிக்கவருட்ட குடுங்க. அன்னைக்குக் கேட்டவருதானே. இன்னைக்கும் அவரே கேக்கட்டும். கேட்டத எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்.”

இரண்டு கருவிதான் இருந்தது. ஒன்று உள்ளே வந்த கஸ்பார் அண்ணன் காதில், ஒன்று என் காதில்.

வெயில் ஏறியது. முதலில் அந்தக் கிரைண்டர் சத்தம். நகரவில்லை. தலைக்கு நேர் மேலேயே நின்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள்ளே, மூன்று. மூன்று. மூன்று. கஸ்பார் அண்ணனின் விரல் தொடையில் கூடவே தட்டியது. முப்பது வருடமாக அந்தத் தட்டு அவருக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

பிறகு மூச்சுச் சத்தம். ஒருவருடையது இல்லை, நிறையப் பேருடையது. ஒரு சின்ன அறைக்குள் நெருக்கி உட்கார்ந்தவர்கள் விடும் மூச்சு, என் காதுக்குப் பக்கத்தில், வெதுவெதுவென்று. யாரோ இருமினார்கள். அப்புறம் ஓர் ஆள் தூத்துக்குடித் தமிழில் பேசினார், நேற்றுப் பார்த்தவர்போல.

“நம்ம மச்சான் கப்பலுதாம்லே அது. அந்த இன்ஜின் இருமுத இருமலு எனக்குத் தெரியாதா.”

“தள்ளிப் போவச் சொல்லி இன்னும் தட்டு வாஸு.”

“தட்டிக்கிட்டுத்தான இருக்கேன். மச்சானுக்கு வெளங்கல. என்னைய விட்டுட்டுப் போவ அவனுக்கு மனசு வராதுலே.” கொஞ்சம் சிரிப்பு. “அவன் போனாலும் எம்பொண்டாட்டி விடமாட்டா. எங்கயாச்சும் கரையில சப்பணம் போட்டு உக்காந்திருப்பா. எமில்டா உக்காந்தான்னா ஒரு அடி நகர விடமாட்டா. இந்தக் கப்பல் போனாத்தான் நாம போவ முடியும். அவ விடணுமே.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்த ரஷ்யரும் சேர்ந்து சிரித்தார் என்று நினைக்கிறேன். பிறகு யாரோ, சிரிச்சுக் காத்த வீணாக்காதீய என்றார்கள். மூன்று. மூன்று. மூன்று.

வெயில் சாய்ந்தது. சத்தம் அடங்கியது. கஸ்பார் அண்ணன் கருவியைக் கழற்றவே இல்லை. அவர் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அதை நான் கண்ணால் பார்த்தேன். முப்பது வருடம் தூக்கிச் சுமந்ததை யாரோ இறக்கி வைத்த முகம். அது அப்படியே இருக்கும்போதே, இறக்கி வைத்தது யார் தலையில் என்பதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

எமில்டா அக்கா எழுந்து அவருக்கு எதிரே வந்து நின்றார்.

“அண்ணே,” என்றார். “என்ன சொன்னாவ?”

முப்பது வருடத்தில் முதல் தடவை. உண்மையைச் சொன்னால் போதும், குற்றமில்லாதவர் ஆகிவிடுவார், தங்கை திரும்பக் கிடைத்துவிடுவாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என்னைப் பார்க்காமலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

“உம்பேரச் சொன்னாவ,” என்றார். “நீ கரையில உக்காந்திருப்பேன்னு சொன்னாவ. சொல்லிச் சிரிச்சாவ.”

அக்காவின் முகம் அப்படியே உடைந்து மலர்ந்தது. “பொறவு?”

“பொறவு...” என்றார். “‘மச்சான் மேல நிக்கான், ஆனா அவன் பயந்த பய. ரொம்ப நேரம் நிக்கமாட்டான், நம்மள விட்டுட்டுப் போயிருவான்’னு சொன்னாவ.”

அக்கா அவரையே பார்த்தார். அவர் கண்ணைத் தாழ்த்தவில்லை. தங்கை சொன்னபடியே முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

“எனக்குத் தெரியும்,” என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். “மேடம், அந்த ஆளப் போவச் சொல்லுங்க.”

அவர் போனார். வாசல்வரை கூடவே நடந்தேன். உடமரத்தடியில் நின்று, “நாளைக்கும் பேசுவாவளா?” என்று கேட்டார்.

“பேசுவாங்க. இன்னும் தெளிவா.”

“அவ வேற யாரையாச்சும் கூட்டிட்டு வந்து கேப்பா.” கப்பலைத் திரும்பிப் பார்த்தார். “அந்த ரப்பர உரிச்சுப் போட எவ்வளவு நேரம் ஆவும்?”

உரித்தால் ஒன்பது பேரும் இன்னொரு தடவை செத்துப்போவார்கள் என்று நான் சொல்லவில்லை. அது அவருக்கும் தெரிந்திருந்தது. ரெஜினால்ட் பாடியது, சண்டை போட்டது, சாப்பிட்டது எல்லாம் அந்த ரப்பருக்குள் பத்திரமாக இருந்தது, ஒவ்வொரு மத்தியானமும் ஒவ்வொன்றாக வந்திருக்கும். அண்ணாச்சியிடம் மறுநாள் வெயில் ஏறுமுன் உரித்துவிடச் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். கடப்பாரையோடு ஆட்கள் இறங்கினார்கள். கஸ்பார் அண்ணனும் வந்து கூட நின்று நெம்பினார்.

உரித்த வில்லைகளைப் பட்டறை நடுவில் குவித்தார்கள். மத்தியானம் குவியல் முழுக்க ஒரே நேரத்தில் சூடேறியது. எல்லா அடுக்கும், எல்லா நாளும் ஒன்றாகப் பேச ஆரம்பித்தன. தட்டு, சிரிப்பு, பாட்டு, புரொப்பெல்லர், இருமல் எல்லாம் சந்தை இரைச்சல்போல எழுந்தது. நான் காதில் மாட்டிப் பார்த்தேன். ஒரு வார்த்தை பிரியவில்லை.

எமில்டா அக்கா வந்து விஷயத்தைப் பார்த்தார். யாரையும் திட்டவில்லை. குவியலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக் குடையை விரித்தார். சூடு இருக்கும்வரை இது பேசும், அப்புறம் அவ்வளவுதான், வீட்டுக்குப் போங்க அக்கா என்று சொல்லிப் பார்த்தேன். ரெஜினால்ட் சொன்னது சரிதான். உட்கார்ந்த அக்கா ஒரு அடி நகரவில்லை.